துளைக்கும் கலையும் அடைக்கும் கலையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நோயாளியின் உடலுக்குள் மருந்தைச் செலுத்த வேண்டுமானாலும், இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானாலும், மருத்துவர் முதலில் ஒரு துளையிட வேண்டியிருக்கிறது. துளையிடுவது எளிது, முள்கூட அதைச் செய்கிறது. ஆனால் நோய்க் கிருமி நுழையாமல் துளையிடுவது எப்படி? இட்ட துளையை இரத்தம் கொட்டாமல் அடைப்பது எப்படி? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண மனிதன் ஏறத்தாழ 180 ஆண்டுகளாக உழைத்து வந்திருக்கிறான். அந்த உழைப்பில் மருத்துவர்கள் மட்டுமல்லர், மருந்துக் கடைக்காரரும் பிளாஸ்டிக் தொழில் கற்றவரும் பங்கு பெற்றிருக்கிறார்கள். அதற்கு அடிப்படையாக நிற்பதோ நம் வகுப்பில் நாம் படிக்கும் பாஸ்கல் விதியும் பாய்ம இயக்கவியலும்தாம். ஆகவே இதை இயற்பியல் மாணவி ஒருத்தி எழுதுவது பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

ஊசி பிறந்த கதை

1844-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிரான்சிஸ் ரிண்ட் என்னும் மருத்துவர், முகத்தில் தீராத நரம்பு வலியால் துன்புற்ற ஒரு பெண்ணுக்கு, உள்ளீடற்ற ஊசி ஒன்றின் வழியாகத் தோலுக்கடியில் மருந்தை இறக்கினார். அந்தக் கருவியில் உந்துதண்டு கிடையாது. மருந்து தன் எடையாலேயே இறங்கியது.

1853-இல் இரண்டு பேர் தனித்தனியே அடுத்த படியை எடுத்து வைத்தார்கள். பிரான்சில் லியோன் நகரத்துச் சார்லஸ் பிரவாஸ், திருகுத்தண்டு கொண்ட சிறு வெள்ளிக் குழலைச் செய்வித்தார். திருகை எத்தனை சுற்றுச் சுற்றுகிறோமோ அத்தனை அளவு மருந்து இறங்கும். நம் ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியின் தத்துவமே இது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் வுட், வலி நீக்க மார்பினைத் தோலுக்கடியில் செலுத்தினார்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பிரவாஸ் தம் குழலைச் செய்தது வலி நீக்குவதற்கன்று. தமனி ஒன்று பலூன்போல் வீங்கிவிட்டால், அதனுள் இரும்பு உப்புக் கரைசலைச் செலுத்தி இரத்தத்தை உறைய வைக்க முடியுமா என்று விலங்குகளில் சோதித்துப் பார்ப்பதற்காகவே செய்தார். ஊசியின் வரலாறும் இரத்தக் குழாயை அடைக்கும் முயற்சியும் தொடக்கத்திலேயே இவ்வாறு கைகோத்து வந்தவை.

பீச்சாங்குழலின் இயற்பியல்

திருவிழாக் கடையில் வாங்கும் பீச்சாங்குழலும் மருத்துவமனைச் சிரிஞ்சும் தத்துவத்தில் ஒன்றே. உந்துதண்டில் நாம் தரும் விசையை, அது தள்ளும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். மூடிய நீர்மத்தில் அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 1 மில்லிலிட்டர் சிரிஞ்சின் உள் குறுக்களவு சுமார் 5 மி.மீ.; 10 மில்லிலிட்டர் சிரிஞ்சுக்குச் சுமார் 15 மி.மீ. இரண்டிலும் கட்டை விரலால் 10 நியூட்டன் விசை தருவதாகக் கொள்வோம். சிறிய சிரிஞ்சில் எழும் அழுத்தம் ஏறத்தாழ 5 வளிமண்டல அழுத்தம். பெரியதிலோ அரை வளிமண்டலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஒன்பது மடங்கு வேறுபாடு! பெரிய சிரிஞ்சு வலியது என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறான உண்மை இது. மெல்லிய குழாய் ஒன்றில் அடைப்பு இருக்கும்போது சிறிய சிரிஞ்சை வைத்து வேகமாக அழுத்தினால் குழாயே வெடித்துவிடக்கூடும் என்று செவிலியர்கள் எச்சரிக்கப்படுவது இதனால்தான்.

ஊசியின் பருமனைப் பற்றியும் ஒரு விதி உண்டு. பாய்சொய் கண்ட விதிப்படி, குழாயின் வழியே பாயும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஊசியின் உள் துளையைப் பாதியாகக் குறைத்தால், அதே அழுத்தத்தில் மருந்து பதினாறில் ஒரு பங்கே இறங்கும். வலி குறைய மெல்லிய ஊசி வேண்டும். மருந்து இறங்கப் பருத்த ஊசி வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் காண்பதே ஊசி செய்பவர்களின் வேலை.

கொதிநீரிலிருந்து பிளாஸ்டிக்கிற்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முழுவதும் கண்ணாடியாலான சிரிஞ்சு பாரிஸ் நகரில் உருவாயிற்று. லூயர் என்னும் கருவி செய்வோரின் பெயரால் அது வழங்கியது. ஊசியைச் சிரிஞ்சின் நுனியில் பொருத்தும் கூம்பு இணைப்புக்கு இன்றும் லூயர் என்றே பெயர். நீளத்தில் 100 பங்குக்குக் குறுக்களவில் 6 பங்கு சரிவு. உலகில் எங்கே செய்த ஊசியும் எங்கே செய்த சிரிஞ்சிலும் பொருந்துவது இந்த ஓர் அளவால்தான்.

கண்ணாடிச் சிரிஞ்சை ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்துப் பயன்படுத்தினார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த எவர்சில்வர்ப் பெட்டியும் ஸ்டவ்வும் நினைவிருக்கும். கூட்டம் மிகுந்தால் கொதிக்கும் நேரம் குறைந்தது. மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி மறுபடி போட்டார்கள்.

நியூசிலாந்தின் டிமாரு என்னும் ஊரில் மருந்தாளுநராகவும் விலங்கு மருத்துவராகவும் இருந்த காலின் முர்டாக், ஒரு விலங்கின் நோய் ஊசி வழியே மற்றொன்றுக்குப் பரவுவதைத் தடுக்க வழி தேடினார். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பிளாஸ்டிக் சிரிஞ்சுக்கு 1956-இல் அவர் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் உந்துதண்டையும் குழலையும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்த வேண்டும். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கில் அத்தகைய நுட்பம் எளிதன்று. அந்தக் குறையை உந்துதண்டின் நுனியில் வைக்கும் ரப்பர் தீர்த்து வைக்கிறது. ரப்பர் தானே நெகிழ்ந்து குழலோடு ஒட்டிக்கொள்வதால், குழலின் அளவில் சிறு பிழை இருந்தாலும் மருந்து கசிவதில்லை.

பெயர் மட்டும் போதாது

‘ஒருமுறை மட்டும்’ என்று உறையில் அச்சடித்துவிட்டால் மக்கள் ஒருமுறை மட்டும்தான் பயன்படுத்துவார்களா? உலகெங்கும் அந்தப் பிளாஸ்டிக் சிரிஞ்சுகளே கழுவப்பட்டு மறுபடியும் மறுபடியும் போடப்பட்டன. கண்ணாடியையாவது கொதிக்க வைக்கலாம். இந்தப் பிளாஸ்டிக் சிரிஞ்சோ அப்படிக் கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்டதன்று. நல்லதற்காகச் செய்த மாற்றம் சில இடங்களில் கேடாகவே முடிந்தது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். இரத்த மாதிரிகள் வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டன. பட்டமேற்படிப்புக்காக ஒரு மாணவி செய்த ஆய்வு நாட்டையே விழிக்கச் செய்தது என்பது நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒன்று. ஊசியைப் பற்றிய அச்சமும் எச்சரிக்கையும் அதற்குப் பிறகே நம் நாட்டில் பரவின.

பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு மஞ்சட்காமாலை ‘பி’ கிருமியும், 20 இலட்சம் பேருக்கு ‘சி’ கிருமியும், 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி.யும் தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மருந்து என்று நம்பி நீட்டிய கைகள் இவை.

அறிவுரை பயன் தராத இடத்தில் கருவியையே மாற்ற வேண்டும் என்று சிலர் எண்ணினார்கள். ஒருமுறை உந்துதண்டை முழுதும் அழுத்திவிட்டால், மறுபடி இழுக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் தோன்றின. ஒரு வகையில், குழலுக்குள் இருக்கும் சிறு உலோகப் பற்று தண்டை ஒரே திசையில் செல்லவிடும். இன்னொரு வகையில், வலிந்து இழுத்தால் தண்டு ஒடிந்துவிடும். இரண்டாவது வகையைச் செய்தவர் இங்கிலாந்தின் மார்க் கோஸ்கா. ஊசியால் எச்.ஐ.வி. பரவப்போகிறது என்ற பத்திரிகைச் செய்தியை 1984-இல் படித்த அவர், பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலைக் கற்று, இப்போதுள்ள தொழிற்சாலைகளே அதிக மாற்றமின்றிச் செய்யக்கூடிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சிரிஞ்சு விற்பனைக்கு வந்தது 2001-இல்தான்! நல்ல யோசனைக்கும் மக்கள் கைக்கு எட்டும் பொருளுக்கும் இடையே உள்ள தூரம் 17 ஆண்டுகள்.

தடுப்பூசிகள் அனைத்தும் 2003-ஆம் ஆண்டு முடிவதற்குள் இத்தகைய சிரிஞ்சுகளால்தான் போடப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பிறவும் 1999-இல் கூட்டாக அறிவித்தன. இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் 2005 முதல் இவை இடம் பெற்றன. 2021-இலும் 2022-இலும் கொரோனா தடுப்பூசிக்கு நாம் கை நீட்டியபோது பயன்பட்ட 0.5 மில்லிலிட்டர் சிரிஞ்சும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

தமனிக்குள் ஒரு பாதை

இனி, அடைக்கும் கலைக்கு வருவோம். கையில் போடும் ஊசி பெரும்பாலும் தசையிலோ சிரையிலோ இறங்குகிறது. சிரையில் இரத்த அழுத்தம் மிகக் குறைவு. பஞ்சை வைத்துச் சற்று அழுத்தினால் போதும். தமனி அப்படியன்று. அங்கே இதயம் நேராக உந்தும் அழுத்தம் இருக்கிறது.

1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் இடக்கைச் சிரையில் நீண்ட மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து, இதயம் வரை தள்ளிக்கொண்டு, நடந்தே சென்று எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பருத்த குழாயைத் தமனிக்குள் நுழைக்க அதே பருமனுள்ள ஊசி வேண்டுமே? இந்தச் சிக்கலை 1953-இல் சுவீடனின் ஸ்வென்-இவார் செல்டிங்கர் அவிழ்த்தார். முதலில் மெல்லிய ஊசி; அதன் வழியே ஒரு கம்பி; பிறகு ஊசியை உருவிவிட்டு, கம்பியின்மேல் கோத்தாற்போல் குழாயை உள்ளே தள்ளுவது. பாவாடை நாடாவை ஊக்கில் கோத்து நுழைப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதாகத் தோன்றாது. இன்று உலகின் எல்லா இதய ஆய்வுக்கூடங்களும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. இதே வழியில் சென்றுதான் 1977-இல் சூரிக் நகரில் ஆந்திரேயாஸ் குருண்ட்சிக், இதயத் தமனியின் அடைப்பைச் சிறு பலூனால் முதன்முதலில் விரித்தார்.

ஐந்து கிராம் எடை

சென்ற ஆண்டு என் தந்தைக்கு ஓர் அரசு மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். தொடை இடுக்கில் உள்ள பெரிய தமனி வழியாகக் குழாய் செலுத்தினார்கள். பரிசோதனை அரை மணிக்குள் முடிந்தது. அதற்குப் பின் ஓர் இளம் டாக்டர் கை எடுக்காமல் இருபது நிமிடம் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு நின்றார். பிறகு மணல் மூட்டை வைத்து, “ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாதுங்கய்யா” என்றார் சிஸ்டர். வயலில் ஒரு நாளும் ஓய்ந்து உட்காராத அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். “உள்ளே போட்ட ஓட்டையை எதை வச்சு பாப்பா அடைப்பாங்க? தையல்கூடப் போடலையே” என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடையைக் கணக்காகவே பார்க்கலாம்.

இரத்த அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் என்றால், அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16,000 நியூட்டன். தமனியில் 2 மி.மீ. குறுக்களவுள்ள துளை இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு 3.14 சதுர மி.மீ. இரண்டையும் பெருக்கினால் துளையின் வழியே இரத்தம் தள்ளும் விசை 0.05 நியூட்டன், அதாவது வெறும் 5 கிராம் எடை! அதே அழுத்தத்தை வெளியிலிருந்து மூன்று விரலால், 5 சதுர செ.மீ. பரப்பில் தர வேண்டுமானால் 8 நியூட்டன், அதாவது சுமார் 800 கிராம் எடை வேண்டும். இடையிலுள்ள தசையும் கொழுப்பும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்வதால், உண்மையில் இன்னும் அதிகம் தேவை. இதைக் கை நடுங்காமல் இருபது நிமிடம் தர வேண்டும். குறைந்தால் இரத்தம் தசைக்குள் கசிந்து கட்டும். மிகுந்தால் காலுக்குப் போகும் இரத்தமே நின்றுவிடும்.

விரல் உண்மையில் துளையை அடைப்பதில்லை. காலத்தைத்தான் வாங்கித் தருகிறது. தமனிச் சுவர் கிழிந்தவுடன் அதிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம் வெளிப்படுகிறது. இரத்தத் தட்டணுக்கள் அதில் வந்து ஒட்டுகின்றன. அவற்றின்மேல் பைப்ரின் இழைகள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. துளையை அடைப்பது இந்த வலைதான். குழாய்க்குள் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் மருந்து தந்திருந்தால் வலை பின்ன நேரமாகும். புதிதாகப் பின்னிய வலை காலை மடக்கினால் அறுந்துவிடும். ஆகவேதான் ஆறு மணி நேரக் காவல். அப்பாவிடம், “நம்ம உடம்பே அடைச்சுக்கும்ப்பா, நீங்க அசையாம இருந்தா போதும்” என்று சொன்னேன். வரப்பு உடைந்தால் முதலில் வைக்கோலைத் திணித்துப் பிறகு சேறு அப்புவார்கள். அதுபோலத்தான் என்றதும் அவர் சட்டென்று புரிந்துகொண்டார்.

உள்ளிருந்தே அடைத்தல்

வெளியிலிருந்து 800 கிராம் தேவைப்படும் இடத்தில், துளையின் வாயிலேயே நின்றால் 5 கிராம் போதும் என்பதைக் கணக்கு காட்டிவிட்டது. கண்டுபிடிப்பாளர்கள் பற்றிக்கொண்டதும் இதைத்தான்.

அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற ஆஞ்சியோ-சீல் என்னும் கருவியில் மூன்று உறுப்புகள் உண்டு. தமனியின் உள்ளே தட்டையாகப் படியும் சிறு நங்கூரம். வெளியே மாட்டுக் கொலாஜனாலான பஞ்சு. இரண்டையும் இறுக்கிக் கட்டும் நூல். சட்டைப் பொத்தான் துணியின் இரு பக்கமும் பிடித்துக்கொள்வதுபோல், நங்கூரமும் பஞ்சும் தமனிச் சுவரை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்கின்றன. தட்டணுக்கள் கொலாஜனில் ஒட்டும் என்ற இயற்கையின் தந்திரமே இங்கும் பயன்படுகிறது. மூன்று உறுப்புகளும் ஏறத்தாழ 90 நாட்களில் உடலிலேயே கரைந்துவிடும்.

1997-இல் அனுமதி பெற்ற பெர்க்ளோஸ் வேறு வழியில் சென்றது. கண்ணால் காண முடியாத தமனிச் சுவரில், தோலுக்கு வெளியே இருந்தபடியே ஊசி நூலைக் கோத்து முடிச்சிடும் கருவி அது. மடங்கி விரியும் உலோகக் கலவையாலான சிறு கிளிப்பைக் கொண்டு துளையின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கருவியும் பின்னர் வந்தது.

இவற்றால் நோயாளி இரண்டு மூன்று மணி நேரத்திலேயே எழுந்து நடக்க முடிகிறது. 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே, மார்பைப் பிளக்காமல் குழாய் வழியே இதய வால்வைப் பொருத்திக் காட்டினார். இன்று அதற்குப் பயன்படும் குழாய்கள் 5, 6 மி.மீ. வரை பருத்தவை. அத்துணைப் பெரிய துளையை விரலால் அழுத்தி அடைப்பது கடினம். முன்கூட்டியே நூலைக் கோத்து வைத்துவிட்டு, முடிவில் முடிச்சை இறுக்கும் முறையே அங்கே கைகொடுக்கிறது.

ஆனால் கருவி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கிருமி தொற்றுவதும், நங்கூரமோ பஞ்சோ தமனியை அடைத்துவிடுவதும் அரிதாக நேர்வதுண்டு. விலையும் அதிகம். பழகிய கையின் அழுத்தம் இன்றும் மதிப்பிழந்துவிடவில்லை.

இடத்தை மாற்றிய அறிவு

இன்னொரு சாரார் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். அடைக்கக் கடினமான இடத்தில் ஏன் துளையிட வேண்டும்? மணிக்கட்டில், நாடி பார்க்கும் இடத்தில் ஓடும் தமனி தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. அடியில் எலும்பு தாங்கி நிற்கிறது. உள்ளங்கைக்கு இரத்தம் தர இன்னொரு தமனியும் உண்டு. 1989-இல் கனடாவின் மான்ட்ரியலில் லூசியன் காம்போ இந்த வழியாக இதயத்தைப் படம் பிடித்த அனுபவத்தை வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் பெர்டினாண்ட் கீமனே இதே வழியில் அடைப்பை நீக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்.

இங்கே துளையை அடைப்பது வளையல்போல் மணிக்கட்டில் கட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை. அதில் சிறு காற்றுப்பை இருக்கும். ஒரு சிரிஞ்சால் சில மில்லிலிட்டர் காற்றைச் செலுத்தினால் பை உப்பித் தமனியை அழுத்தும். நேரம் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் காற்றை எடுத்துவிடுவார்கள். தமனியை முழுக்க நெரிக்காமல், இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே துளையை மட்டும் அடைப்பது இதன் சிறப்பு. துளையிடப் பிறந்த சிரிஞ்சே துளையை அடைக்கும் கருவியாகவும் ஆகிவிட்டது! அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தார்கள். அவர் அன்று மாலையே எழுந்து நடந்து தேநீர் குடித்துவிட்டு வந்தார். யாருக்கு எந்த வழி பொருந்தும் என்பதைத் தமனியின் அளவையும் வளைவையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்கிறார்.

நமக்கு உரிய பங்கு

இந்த வரலாற்றில் வருபவர்கள் பலரும் புதிய விதி எதையும் கண்டுபிடிக்கவில்லை. பாஸ்கல் விதி அவர்களுக்கு முன்பே இருந்தது. ரப்பர், நூல், கம்பி எல்லாம் இருந்தன. எங்கே மனிதன் துன்பப்படுகிறான் என்பதை உற்றுப் பார்த்து, தெரிந்த விதியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தப் பார்வைக்கு நம் ஆய்வுக்கூடத்து ஏழைக் கருவிகள் தடையல்ல.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நம்மில் பலர் வீட்டில் மருந்துச் சீட்டைப் படிக்கக்கூடிய முதல் ஆள் நாம்தான். ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று நம் ஊர்களில் இன்றும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். மாத்திரையால் தீருவதற்கு ஊசி தேவையில்லை என்று நாம் எடுத்துச் சொல்லலாம். ஊசி தேவை என்றால், உறை நம் கண் முன்னே பிரிக்கப்படுகிறதா, போட்டபின் ஊசி வெட்டி எறியப்படுகிறதா என்று கவனிக்கலாம். “புது ஊசிதானே, சார்?” என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் எவரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.